நான் தப்பாக அடுக்கிய சுண்ணாம்புக்கல்

கல் காய்வதைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் என் ஆயுளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று, ஆனி மாதமாக இருக்கும். படப்பை தாண்டி ஒரகடம் போகிற சாலையில் ஒரு பழைய நெல் குடோன். வாசலில் சிமெண்ட் களம். களத்தில் கோணி விரித்து, அதன்மேல் மணிக்கட்டுத் தடிமனில் உருளை உருளையாகக் கற்கள். குடோனில் கல் கழுவி அடுக்குகிற முனியம்மா அக்கா அப்போதுதான் கழுவிப் போட்டிருந்தார். ஈரச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. புதிதாக வெள்ளையடித்த சுவரில் முதல் மழை பட்டால் வருமே, கிட்டத்தட்ட அது.

நாற்காலியில் இருந்த அருள்ராஜ் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அந்தக் கற்களையே பார்த்தபடி இருந்தார். வேர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இன்னா பாப்பா, இந்த சாரு கல்லுக்குக் காவலு குந்திகினு கீறாரா?" என்று முனியம்மா அக்கா என் காதருகே கேட்டார். "எவன் வந்து இத்தத் தூக்கினு பூடப் போறான்?"

உண்மையில் அவரை அங்கே உட்கார வைத்ததே முனியம்மா அக்காதான். முந்தின நாள் சாயங்காலம் பெட்டியில் அடுக்கும்போது அவர் அலுத்துக்கொண்டார். "எல்லாம் ஒரே கல்லுன்றீங்க. பாதி ஒடனே காஞ்சிடுது. பாதி பொழுது சாஞ்சாலும் ஈரமாவே கீது. எப்டி நான் வேலைய முடிச்சி வூட்டுக்குப் போறது?"

அருள்ராஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "அக்கா, எந்தக் கல்லு ஈரமா இருக்குன்னு காட்டுங்க" என்றார். மறுநாள் நாற்காலி களத்துக்கு வந்துவிட்டது.

ஓட்டையும் வழியும்

இந்தத் தொடரில் கல்லைப் பற்றி அதிகம் எழுதுகிறேன், கொஞ்சம் மனிதர்களைப் பற்றியும் எழுதக்கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் மனிதரைப் பற்றித்தான். ஆனால் என்ன செய்வது, அந்த மனிதர் கல்லைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்.

விஷயம் இதுதான். பூமிக்கு அடியில் சூடான உப்புத் தண்ணீர் ஓடுகிறது. அதில் ஈயமும் துத்தநாகமும் கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் புகுந்தால், கல்லைக் கொஞ்சம் கரைத்து, அந்த இடத்தில் தன் சரக்கை இறக்கி வைக்கும். அதுதான் தாது. எல்லாச் சுண்ணாம்புக்கல்லிலும் இறக்கி வைக்குமா என்றால், இல்லை. அதற்குக் கல்லின் குணம் ஒத்துவர வேண்டும்.

அருள்ராஜின் வேலை அந்தக் குணத்தை அளப்பது. ஒரு துண்டுக் கல்லை அடுப்பில் காயவைத்து எடை போடுவார். தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு எடை போடுவார். தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் எடை போடுவார். மூன்று எடையையும் வைத்துக் கல்லுக்குள் எவ்வளவு ஓட்டை என்று சொல்லிவிடுவார். வெயிலில் நேரமாகியும் காயாத கற்களெல்லாம் தராசிலும் ஓட்டைக் கற்களாகவே வந்தன. முனியம்மா அக்காவின் முணுமுணுப்பும் தராசும் ஒன்றாகவே பேசின.

"ஓட்டை மட்டும் இருந்தா போதாது மல்லிகா" என்பார். "ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் வழி இருக்கணும்லா. மக்னீசியம் கலந்த கல்லு முறுக்குன பயலாக்கும். அமுக்குனா படக்குன்னு வெடிப்பு விடும். வெடிப்பு விட்டா வழி. வழி இருந்தாத்தான் தண்ணி வரும்."

அவர் பாளையங்கோட்டைப் பக்கம். 'சொல்லுதேன், பாக்குதேன்' என்று அவர் பேசுவதைக் கேட்டு முனியம்மா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு மாதம் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனபிறகும் அந்தப் பேச்சு காதில் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தக் கல் எது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் சுத்தச் சுண்ணாம்புக்கல் சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கும். மக்னீசியம் கலந்தது சோம்பலாக, யோசித்து யோசித்து நுரைக்கும். இரண்டாவது ரகத்தில்தான் ஈயம் பளபளவென்று கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் வேண்டும், கூரை. கீழிருந்து ஏறி வரும் தண்ணீர் அப்படியே மேலே போய்விடாமல் தடுக்க, கறுப்பாக, ஒரு ஓட்டையும் இல்லாத களிக்கல் அடுக்கு மேலே மூடியிருக்க வேண்டும். ஓட்டையும் வெடிப்பும் உள்ள சுண்ணாம்புக்கல், அதன் தலைக்கு மேல் களிக்கல் கூரை. இது இரண்டும் சேர்ந்த இடத்தில், கூரைக்கு நேர் கீழே தாது இருக்கும். இதுதான் அருள்ராஜின் கணக்கு. இதை நம்பித்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

நெல் குடோனில் கல்

ஒரகடத்தில் சுண்ணாம்புக்கல் ஏது என்று உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் களிமண்ணும் மணலும்தான். கல் வந்தது ஆந்திர மலையிலிருந்து. அங்கே மெஷின் வைத்துத் துளை போட்டு, உருளையாக எடுத்து, மரப்பெட்டியில் அடுக்கி லாரியில் அனுப்புவார்கள். மெட்ராஸிலிருந்த கம்பெனி அதைப் பத்திரமாக வைக்க இடம் தேடி, இந்தக் குடோனைப் பிடித்தது. இப்போது அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நிற்கின்றன. அப்போது மத்தியானத்தில் சாலையில் எருமை படுத்திருக்கும்.

அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்கிற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அந்தத் துக்கத்தை எழுத நான் ஆள் இல்லை. ஊரில் ஒரு மாதத்துக்கு யாரும் உரக்கப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் குடோனிலும் அப்படித்தான். அந்த அமைதியில்தான் அருள்ராஜ் வேலைக்குச் சேர்ந்தார். நான் அதற்கு முன்பே அங்கே இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிஷ சைக்கிள் தூரம். கல் படித்த பெண்ணுக்குப் பக்கத்திலேயே கல் வேலை கிடைத்ததை அப்பா சாமி செயல் என்றார். அம்மா, "கல்லு அடுக்குறதுக்கா காலேஜு?" என்றார்.

கவிழ்ந்த பெட்டி

கல் அடுக்குவதில்தான் நான் கோட்டை விட்டேன்.

ஏழாம் துளையின் கற்கள் வந்த அன்று, லாரி களத்தில் ஏறும்போது ஒரு குலுக்கல் குலுக்கியது. ஒரு பெட்டி கவிழ்ந்து கற்கள் தரையில் சிதறிவிட்டன. ஆழம் எழுதிய மரத்துண்டுகளும் உருண்டு போயின. அருள்ராஜ் அன்று மெட்ராஸ் போயிருந்தார்.

பயப்படாதே, உடைந்த வளையலைப் பொருத்துகிற வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு கல்லின் முனையும் அடுத்த கல்லின் முனையோடு பொருந்தும். பொருத்திக்கொண்டே போனால் வரிசை கிடைத்துவிடும். முனியம்மா அக்கா எடுத்துக் கொடுக்க, இரண்டு மணி நேரத்தில் முழுசாக அடுக்கி முடித்துவிட்டேன். என்னைப் பாராட்ட ஆள் இல்லையே என்றுகூட இருந்தது.

பெட்டியில் ஐந்து பள்ளங்கள். நோட்டில் எழுதுகிற மாதிரி அடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சட்டம். முதல் வரிசை இடமிருந்து வலம். முடிந்தால், அடுத்த வரிசையை மறுபடியும் இடது கோடியிலிருந்து தொடங்க வேண்டும். இதை நான் காலேஜில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அன்று கையில் இருந்தது காலேஜ் இல்லை. எங்கள் கத்தரித் தோட்டத்தில் பம்புசெட் தண்ணீரை மடை திருப்புவது பத்து வயதிலிருந்து என் வேலை. தண்ணீர் ஒரு சாலின் கடைசிக்குப் போகும். அங்கேயே வளைந்து பக்கத்துச் சாலில் திரும்பி வரும். மறுபடி வளையும். எங்கள் பக்கத்தில் கத்தரிக்கு, மிளகாய்க்கு எல்லாம் இப்படித்தான் பாயும். முதல் பள்ளத்தின் வலது கோடிக்கு வந்ததும், அதோடு பொருந்துகிற அடுத்த கல்லை அதன் பக்கத்திலேயே, இரண்டாம் பள்ளத்தின் வலது கோடியில் வைத்துவிட்டேன். அங்கிருந்து இடதுபக்கமாகத் திரும்பி வந்தேன். கை தன்பாட்டுக்குச் செய்தது. தப்பு என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

இரண்டாவது வரிசையும் நாலாவது வரிசையும் தலைகீழாகிவிட்டன.

மேனேஜர் வந்தார்

ஏழாம் துளைதான் பரீட்சை. அதில் கணக்கு சரியாக வந்தால் அருள்ராஜை மலைக்கு அனுப்பி, அவர் காட்டுகிற இடத்தில் அடுத்த துளை போடுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர் பெட்டியைத் திறந்தார். முதல் வரிசை முழுக்கக் கறுப்புக் களிக்கல், அதாவது கூரை. இரண்டாம் வரிசையை இடமிருந்து படித்தால் முதலில் ஓட்டையே இல்லாத இறுகிய சுண்ணாம்புக்கல், பிறகு ஈயம், கடைசியில் கொஞ்சம் களிக்கல். கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய ஈயம் களிக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா, உன் கணக்கு நிக்கலையே" என்றார் மேனேஜர். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு மாசம் டைம் தரேன். எல்லாத் துளையையும் முதல்லேர்ந்து அளந்து பாரு. அப்பவும் இப்படித்தான்னா மெஷினக் கழட்டிடுவோம்."

துளை போடும்போது நடுவில் கொஞ்சம் கல் நொறுங்கிக் காணாமல் போவது சாதாரணம். ஆகவே ஒரு வரிசையின் முடிவும் அடுத்த வரிசையின் தொடக்கமும் பொருந்தாவிட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஐயோ பாவம் என்று அவருக்காக வருத்தப்பட்டேன். ஒரு மாதம் அவர் இங்கேயே இருப்பார் என்று சந்தோஷமும் பட்டேன். இரண்டும் உண்மை.

அந்த மாதம்

அந்த மாதம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. காலையில் நான் கல்லை எடுத்துத் தருவேன், அவர் எடை போடுவார். அவர் எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். மத்தியானம் அவர் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரிப்பார். நான் என் டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றி நடுவில் தள்ளி வைப்பேன். அவர் இழுத்துக்கொள்வார். மறுநாள் மூடி கழுவி, துடைத்து என் மேஜையில் இருக்கும். நான் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அந்த மூடியை மட்டும் தேய்க்க மாட்டேன். சிரிக்காதீர்கள்.

இரண்டாவது வாரம் முடிகிற சமயம், ஒரு புதன்கிழமை. ஏழாம் துளைப் பெட்டியில் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையின் கடைசிக் கல்லும் அதற்குக் கீழே இரண்டாம் வரிசையின் கடைசிக் கல்லும் கையில் வந்தன. சும்மா ஒட்டிப் பார்த்தேன். பொருந்தின. கோடுகூடத் தெரியாமல் பொருந்தின.

கல்லை இருந்த இடத்திலேயே வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அருள்ராஜ் தராசில் குனிந்திருந்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் கணக்கு ஜெயித்துவிடும். ஜெயித்தால் அவர் மலைக்குப் போய்விடுவார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். பதினாறு நாள் அப்படி நினைத்தேன். வேலை போய்விடும் என்கிற பயம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வேலையைப் பற்றி எனக்கு ஒரு துளி பயமும் இல்லை.

வெள்ளிக்கிழமை

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் தபால் வந்தது. திங்கட்கிழமை மலையில் மெஷினைக் கழற்றுகிறார்கள். அருள்ராஜ் கடிதத்தை ஒருமுறை படித்து, மடித்து, தராசுக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தக் கணக்குக்காக வெயிலில் உட்கார்ந்து கல் காய்வதைப் பார்த்த மனிதர்.

"சார்" என்றேன். "ஏழாம் துளைப் பெட்டி... அன்னிக்குக் கவுந்துச்சில்ல, நான்தான் அடுக்கினேன். தப்பா அடுக்கிட்டேன். ரெண்டாவது வரிசையும் நாலாவது வரிசையும் தலகீழா இருக்கு. உங்க கணக்கு சரிதான் சார்."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

களத்தில் முனியம்மா அக்கா குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு கல்லுலயும் ஒரே வெள்ளை நரம்பு ஓடுது. அளக்கும்போது பாத்தேன். ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா மலைக்குப் போணும்லா."

ஏதோ ஒரு வேகத்தில், "மெஷினக் கழட்டிடுவாங்களே சார்" என்றேன்.

"கழட்டட்டும்னுதான் இருந்தேன்" என்றார். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதினாறு நாள் ஆச்சு."

"நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க சொன்ன அதே காரணத்துக்குத்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க மல்லிகா. இருன்னா இருக்கேன். மெஷின் போனாலும் இங்க கெடக்குற கல்லுக்கு ஆள் வேணும்லா. பெட்டிய மூடி வச்சிருவோம். நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. இரு என்று சொல்ல இரண்டு எழுத்து, ஒரு நொடி போதும். எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் அவர் இருந்தால், தன் கணக்கு தப்பு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருப்பார். பொய் என்று தெரிந்த எண்களை எனக்குச் சொல்வார், நான் எழுதுவேன். ஒருநாள் என்னைப் பார்க்கும்போது அவருக்கு அந்தப் பெட்டிதான் தெரியும்.

"சென்ட்ரல்ல சாயங்காலம் வண்டி இருக்கு சார்" என்றேன். "இப்பக் கெளம்பினாப் புடிச்சிடலாம். மெஷினக் கழட்டுறதுக்குள்ள மலைக்குப் போயிடலாம்."

அவர் பெட்டியைத் திறந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டாம் வரிசையைக் கல் கல்லாக எடுத்துத் திருப்பி வைத்தோம். களிக்கல், அதன்கீழ் ஈயம் பளபளத்த ஓட்டைக்கல், அதன்கீழ் இறுகிய கல். அவர் சொன்னபடியே இருந்தது. நாலாவது வரிசையையும் திருப்பினோம். ஒரே ஒரு முறை அவர் விரல் என் விரலில் பட்டது. இரண்டு பேர் கையிலும் சுண்ணாம்புத் தூசி.

பன்னிரண்டரை பஸ்ஸில் போனார்.

"இன்னா பாப்பா, சாரு சொல்லாம கொள்ளாம பூட்டாரு?" என்று முனியம்மா அக்கா கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்கப்புறம்

அவர் காட்டிய இடத்தில் துளை போட்டார்கள். கூரைக்கு நேர் கீழே ஈயம் இருந்தது. கம்பெனிக்கு உற்சாகம் வந்து மலையிலேயே ஷெட் போட்டுக் கற்களை அங்கே கொண்டு போய்விட்டது. கார்த்திகையில் எங்கள் குடோனைக் காலி செய்தோம். முனியம்மா அக்கா மறுபடி நெல்லுக்குப் போனார். நான் மறைமலை நகரில் ஒரு பாக்டரியின் தரப் பரிசோதனைக்குப் போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இரும்பை அளந்துகொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் கல். நானும் கல்லைப் பற்றியே பதில் எழுதினேன். அவர் மாதா கோயில், நாங்கள் அம்மன் கோயில், வீட்டில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். நான் வீட்டில் கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம். அவருக்குக் கல்யாணம் ஆனதை மேனேஜர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிறகு எனக்கும் ஆனது. என் கணவர் நல்லவர். இதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

படித்து முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார். "அவரைப் போகச் சொன்னது சரின்னு நெனைக்கிறியா?"

சரிதான் என்றேன். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சரியாகச் செய்த ஒரு காரியத்துக்காக ஒருத்தி இத்தனை வருஷம் ஏங்கிக்கொண்டிருக்க முடியும் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியாது.